பாதி வழியில் நின்ற கண்

டிராப்சோனில் கடலுக்கும் மலைக்கும் நடுவே
ஒரு சாலை போகிற அகலம்தான்.
சாலைக்குக் கீழே எங்கள் குஞ்சுக்கூடம்.
எனக்கு இரவுப் பணி.
பெயர் ஷாஸியே. பதிவேட்டில் ‘ஷா’ மட்டும் போடுவேன்.

கல்கன் என்றால் எங்கள் மொழியில் கேடயம்.
பொரிந்து வரும்போது அது கேடயமில்லை,
உதிர்ந்த இமைமுடி.
பக்கத்துக்கொரு கண்ணோடு
எல்லா மீனையும் போல நிமிர்ந்து நீந்தும்.
இருபது நாள் கழிந்ததும்
வலக்கண்ணுக்கு இருப்புக்கொள்ளாது.
நெற்றியைத் தாண்டி இடப்பக்கம் குடிபோகப் புறப்படும்.

அந்தப் பயணத்துக்குக் கட்டுச்சோறு
ஓர் எண்ணெய்.
இருபத்திரண்டு கரியணுக்கள் வரிசையாய்,
ஆறு இடத்தில் இரட்டைப் பிடி.
கல்யாணத்தில் ஹொரோன் ஆடுவோமே
கைகோத்து, தோள் நடுங்க,
அதுபோல.
இரட்டைப் பிடி இருக்கும் இடத்தில் முழங்கால் மடங்கும்.
மடங்குவதால்தான் குளிரில் விறைக்காது,
கண்ணின் திரையில் நெளிந்துகொடுக்கும்.

மேலே ஓடையில் வளரும் ட்ரவுட் சமர்த்து.
சரியான வரிசையில் பதினெட்டுப் பேர் வந்தால்
வழியில் போகிற நாலு பேரைக் கூப்பிட்டு
ஆட்டத்தை நிரப்பிக்கொள்ளும்.
கல்கனுக்கு அது வராது.
கடல் ஆக்கிப் போட்டதையே
காலகாலமாய்த் தின்ற செல்லப்பிள்ளை,
அடுப்பு மூட்டத் தெரியாது.

எங்கோ ஓர் உப்பேரியிலிருந்து
தகரடப்பாவில் வரும் ஆர்ட்டீமியா முட்டை,
பார்க்கக் காப்பித்தூள்.
உப்புநீரில் ஒரு நாள் குமிழியிட்டால்
ஆரஞ்சு மூட்டமாய் எழும்.
அதன் வயிற்றில் அந்த எண்ணெய் கிடையாது.
மீனெண்ணெய்க் குழம்பில் ஊறவிட்டு
நாங்கள்தான் நிரப்புகிறோம்.
நிரப்பியபின்னும் நம்பக் கூடாது:
சீர்வரிசை கொண்டுபோகச் சொன்னால்
வழியிலேயே பிரித்துத் தின்கிற ஆள்.
அதனால் என் இரவெல்லாம் கடிகாரத்தோடு வழக்கு.

மே மாதம் மண் சரிந்தது.
சாலை நான்கு நாள்,
சுங்கத்தில் ஒரு காகிதம் ஆறு நாள்.
எண்ணெய் டப்பா வரவில்லை.
ஹுர்ஷித் முதலாளி
தன் தோப்பு ஹேசல்கொட்டை எண்ணெயைக் கொண்டுவந்து வைத்தார்.
“கொழுப்பு கொழுப்புதானே ஷாஸியே.”
நான் மறுக்கவில்லை.
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.
முட்டை மஞ்சளில் அடித்துக் கலக்கினேன்,
கூடமே பலகாரம் சுட்ட மாதிரி மணத்தது.

தின்றன.
கண்ணாடி வயிற்றுக்குள் ஆரஞ்சு தெரிந்தது.
எடை ஏறியது. வரைபடத்தில் கோடு ஏறியது.
ஹுர்ஷித் அதைச் சுவரில் ஒட்டினார்.
விளக்கைத் தணித்த ஓர் இரவுதான்
எனக்கு வயிற்றைக் கலக்கியது:
மூக்கு முன்னால் மிதக்கும் இரையை விட்டுவிட்டு
வெறும் நீரைக் கொத்திக்கொண்டிருந்தன.

டப்பா வந்தது.
ஊற்றினேன்.
வயிறு வாங்கிக்கொண்டது, போன நாட்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

முப்பத்தைந்தாம் நாள்
மணல்நிறம் ஏறவேண்டிய முதுகில்
உடைந்த பீங்கான் வெள்ளை.
பலவற்றின் கண்
உச்சந்தலை வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது,
மாடிக்கு ஏறியவர்
எதற்கு வந்தோம் என்று மறந்ததுபோல.
படுக்கவும் தெரியாமல் நிமிரவும் முடியாமல்
சாய்ந்து சாய்ந்து சுவரில் முட்டின.

நாலாயிரத்து நூற்றுப் பதினேழு எண்ணினேன்.
தேறியவை எண்ணூற்றுச் சொச்சம்.
ஹுர்ஷித் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி கேட்டார்:
“நன்றாகத்தானே தின்றன?”
பதிவேட்டைத் திறந்து காட்டினேன்.
பத்து இரவும் ஒரே வரி, என் கையெழுத்து:
நன்றாகத் தின்றன. ஷா.

காலையில் வீட்டில்
சோளரொட்டி, உப்பிலிட்ட ஹம்சி.
தூங்காத கண் எரிந்தது.
இதன் திரையிலும் அதே வரிசைதான்
கைகோத்து நிற்கிறதாம்.
யார் ஆக்கிப் போட்டது என்று நான் கேட்டதேயில்லை.
முள்ளோடு
இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.